ஒரே கம்பி, பல அலைவரிசை: ஹாம் வானொலியில் தானியங்கி ட்யூனர்

மலர்க் குழுவினர் கடைக்கு வந்து, "வழக்கம்போலக் கல்வெட்டு, ஓலைச்சுவடி என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடுங்கள் ஐயா" என்றார்கள். இந்த ஆண்டு அதை ஒதுக்கிவைத்துவிட்டு, நாற்பது ஆண்டுகளாக மின்சாமான் வியாபாரம் செய்து, முப்பது ஆண்டுகளாக ஹாம் வானொலியில் கை வைத்தவன் என்ற முறையில், ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். காரணம் உண்டு. நம் சங்கத்துப் பிள்ளைகள் நான்கைந்து பேர் கடந்த இரண்டு ஆண்டுகளில் தேர்வு எழுதி உரிமம் வாங்கியிருக்கிறார்கள். எல்லோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆட்டோ ட்யூனர் வாங்கலாம் மாமா?" என்பதுதான். கேள்வி சரி, ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. அவற்றைக் கேட்காமல் நான் ஒருமுறை பட்ட பாட்டையும் இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

ஹாம் வானொலி என்பது, தேர்வு எழுதி அரசிடம் உரிமம் பெற்ற தனிமனிதர்கள், வணிக நோக்கம் இல்லாமல் தங்கள் வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசிக்கொள்ளும் கலை. நம் நாட்டில் மத்திய தகவல் தொடர்புத் துறையின் கீழுள்ள டபிள்யூ.பி.சி. என்னும் பிரிவு இந்த உரிமத்தை வழங்குகிறது. பன்னிரண்டு வயது நிறைந்திருந்தால் தேர்வு எழுதலாம். "இது என்ன, பெரியவர்கள் விளையாட்டா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த திருமதி பாரதி பிரசாத் தம் குழுவினரோடு போர்ட் பிளேயரில் இருந்தார். உலக ஹாம் நண்பர்களோடு பேசுவதற்காகப் போயிருந்த குழு அது. தொலைபேசி அறுந்துபோன அந்த நாட்களில் தீவுகளிலிருந்து நிலப்பகுதிக்குச் செய்தி கொண்டுவந்தது அவர்களுடைய வானொலி. ஆகவே இது வெறும் விளையாட்டு அல்ல.

செகரட்டரி தந்த ஒரு கம்பி

வெளிமாநிலத்தில், அதுவும் பம்பாய் போன்ற ஊரில் வாழும் நம்மவர்களுக்கு ஏரியல் கட்டுவதுதான் முதல் தலைவலி. ஊரில் என்றால் தோட்டம் உண்டு, தென்னை மரம் உண்டு, கேட்பாரில்லை. இங்கே ஹவுசிங் சொசைட்டி. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. நான் முதலில் மூன்று அலைவரிசைகளுக்கு மூன்று கம்பிகள் கட்டினேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, செகரட்டரி கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷன்தான். ஆனால், "அண்ணா, துணி காயப்போட இடமில்லைன்னு எல்லோரும் சண்டைக்கு வர்றாங்க. ஒரே ஒரு கம்பி. அதுக்கு மேல கூடாது" என்று இந்தியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்றில் இரண்டை அவிழ்த்தேன்.

ஒரே கம்பி என்றால் என்ன சங்கடம்? ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஏரியலின் நீளம் வேறு. 143 என்ற எண்ணை மெகா ஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலைக் கம்பியின் நீளம் மீட்டரில் ஏறக்குறைய வந்துவிடும். 7.1 மெகா ஹெர்ட்ஸுக்கு 20.1 மீட்டர், 14.2-க்கு 10 மீட்டர், 21.2-க்கு 6.7 மீட்டர். ஏழுக்கு வெட்டிய கம்பியை நடுவில் பிரித்துக் கேபிள் கொடுத்தால் அது ஏழில் நன்றாகப் பேசும். அதன் மூன்று மடங்கான இருபத்தொன்றிலும் ஓரளவு பேசும். ஆனால் பதினான்கில் அது முரண்டு பிடிக்கும். ஏன் என்பதைப் பார்ப்போம்.

மறிப்பும் தரகரும்

நேர் மின்சாரம் ஓடும் வழியில் ஏற்படும் தடையை ஓம் என்ற அளவால் குறிக்கிறோம். மாறுமின்சாரத்துக்கு, அதிலும் நொடிக்குப் பல லட்சம் முறை திசைமாறும் வானொலி மின்சாரத்துக்கு, தடையோடு சுருளின் குணமும் தேக்கியின் குணமும் சேர்ந்துகொள்ளும். இவை எல்லாம் சேர்ந்ததை மின்மறிப்பு என்று பாடநூல்கள் சொல்கின்றன. இன்றைய ஹாம் கருவிகள் 50 ஓம் மறிப்புள்ள சுமையை எதிர்பார்த்தே செய்யப்படுகின்றன. நாம் பயன்படுத்தும் கோஆக்ஸ் கேபிளும் 50 ஓம். (கேபிள் டி.வி.க்கு வருவது 75 ஓம். பார்வைக்கு அண்ணன் தம்பிபோல இருக்கும், குணம் வேறு.)

ஏழுக்கு வெட்டிய கம்பியின் நடுப்புள்ளி ஏழில் ஐம்பதுக்குப் பக்கத்தில் இருக்கும். பதினான்கில் அதே கம்பி முழு அலையாகிவிடுகிறது. நடுப்புள்ளியின் மறிப்பு ஆயிரக்கணக்கான ஓம். விற்பவர் ஒரு பாஷை, வாங்குபவர் ஒரு பாஷை. சரக்கில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். திரும்பும் அலையும் போகும் அலையும் சேர்ந்து கேபிளில் நிலை அலை உண்டாகிறது. அதன் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள விகிதமே நிலையலை விகிதம். ஹாம் நண்பர்கள் சுருக்கமாக எஸ்.டபிள்யூ.ஆர். என்பார்கள். அது 1.5 என்றால் நூற்றுக்கு 4 பங்கு திரும்புகிறது. 2 என்றால் 11 பங்கு. 3 என்றால் 25. 5 என்றால் 44. 10 என்றால் 67 பங்கு திரும்பி வருகிறது.

பழைய வால்வு கருவிகளில், வெளியே போகும் வழியிலேயே இரண்டு தேக்கிகளும் ஒரு சுருளும் இருக்கும். கையால் திருகி எந்தக் கம்பியோடும் ஓரளவு சமாதானம் செய்துகொள்ளலாம். டிரான்சிஸ்டர் வந்தபிறகு அந்த வசதி போய்விட்டது. எஸ்.டபிள்யூ.ஆர். இரண்டைத் தாண்டினால் பெரும்பாலான கருவிகள் தம்மைக் காத்துக்கொள்ளச் சக்தியைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. இங்கேதான் ட்யூனர் வருகிறது.

ட்யூனர் ஏரியலைச் 'சரிசெய்வதில்லை'. பெயரைப் பார்த்துப் பலரும் ஏமாறுவது இதில்தான். அது ஒரு தரகர். மார்க்கெட்டில் தலால் என்ன செய்கிறார்? விற்பவரிடம் அவர் கேட்ட விலையைச் சொல்கிறார், வாங்குபவரிடம் அவருக்கு ஒத்த கணக்கைச் சொல்கிறார், நடுவில் வியாபாரம் முடிகிறது. ட்யூனரும் கருவியின் பக்கம் 50 ஓம் முகத்தைக் காட்டுகிறது. ஏரியல் பக்கம் அதற்கு ஒத்த முகத்தைக் காட்டுகிறது. தரகர் இருப்பதால் சரக்கின் தரம் உயர்ந்துவிடாது. தரகுக் கூலியும் உண்டு. அந்தக் கூலி, ட்யூனருக்குள்ளே சுருளில் சூடாகப் போகும் சக்தி.

பெட்டிக்குள் படிக்கற்கள்

தானியங்கி ட்யூனரைத் திறந்து பார்த்தால் வரிசையாகச் சுருள்கள், வரிசையாகத் தேக்கிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிலே, நடுவில் ஒரு சின்னக் கணினிச் சில்லு. இதன் தத்துவம் நம் தராசுக் கடைக்காரருக்குத் தெரிந்ததுதான். 1, 2, 4, 8, 16, 32, 64 என்று ஏழே ஏழு படிக்கற்கள் இருந்தால் 1 முதல் 127 வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம். அதேபோல, ஒவ்வொன்றும் முந்தையதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு என்று அமைந்த ஏழு சுருள்களை ரிலேக்களால் சேர்த்தும் விலக்கியும் 128 அளவுகள் பெறலாம். ஏழு தேக்கிகளிலும் 128. இரண்டையும் பெருக்கினால் 16,384 சேர்க்கைகள். தேக்கியைக் கருவிப் பக்கமா, ஏரியல் பக்கமா என்று மாற்றும் ஒரு ரிலேயும் சேர்ந்தால் 32,768. கையால் கட்டுவோர் பலரும் இப்போது விரும்பும் ஏ.டி.யூ.-100 என்ற திறந்த வடிவமைப்பு இந்த ஏழுக்கு ஏழு கணக்கில்தான் உள்ளது.

போகும் அலை எவ்வளவு, திரும்பும் அலை எவ்வளவு என்று இரண்டு சிறு மின்மாற்றிகள் அளந்து சில்லுக்குச் சொல்லும். சில்லு ரிலேக்களை மாற்றி மாற்றித் திரும்பும் அலை குறையும் திசையில் நகரும். கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். சில நொடிகளில் அடங்கும். என் பேத்தி முதல்முறை கேட்டபோது, "தாத்தா, உள்ளே யாரோ தாயம் உருட்டுறாங்க" என்றாள். பல பெட்டிகள் கிடைத்த விடையை அந்த அலைவரிசையின் பெயரில் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை தேட வேண்டாம். நேரே அந்தச் சேர்க்கைக்குப் போய்விடும்.

2005 ஜூலை 26

இனி நான் பட்ட பாடு. அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை. எங்கள் கட்டடத்தில் தொலைபேசியும் இல்லை, கைபேசியும் இல்லை. பெரியவன் அந்தேரியிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தான் என்பது மறுநாள் அவன் வீடு வந்து சேர்ந்தபிறகே எங்களுக்குத் தெரியும். ஊரில் வந்தவாசிப் பக்கம் என் தாயார் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரே ஒரு வார்த்தை, "நாங்கள் வீட்டில் இருக்கிறோம், பிள்ளையைத் தேடுகிறோம்" என்று யாராவது ஒரு ஹாம் நண்பர் மூலம் சொல்லிவிட்டால் போதும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அதன்பிறகு ஏழு மெகா ஹெர்ட்ஸில் உட்காருவது என் வழக்கம். அன்றும் கார் பேட்டரியில் கருவியை ஏற்றினேன். ட்யூனரை அழுத்தினேன். கடகடவென்றது, 1.1 என்று காட்டியது. ஐதராபாத்தும் பெங்களூரும் பேசுவது காதில் விழுந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். இரவு பதினொரு மணிவரை கூப்பிட்டேன். என் குரல் ஒருவருக்கும் எட்டவில்லை. "ஏங்க, மிஷின் நல்லாத்தானே இருக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். ட்யூனரைக் காட்டி, "அதெல்லாம் அருமையா இருக்கு, 1.1" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஏரியல் நடுப்புள்ளியில் கேபிளை நான் சரியாக மூடாமல் விட்டிருந்தேன். கேபிளின் செப்புப் பின்னல், விளக்குத்திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோல, மழைநீரை உறிஞ்சி உள்ளே இறக்கியிருந்தது. வெட்டிப் பார்த்தால் பின்னல் கறுத்துப்போய்ப் பல அடி தூரம் ஈரம். என் சக்தி முழுதும் அந்த ஈரக் கேபிளைச் சூடாக்குவதில் போயிருந்தது. ட்யூனர் தன் வேலையைச் செவ்வனே செய்தது. ஈரக் கேபிளோடு சமரசம் பண்ணிவைத்தது. குறை அதன்மீது இல்லை. அது காட்டிய எண்ணை, என் அலை வானத்தில் ஏறிவிட்டதற்குச் சான்று என்று எடுத்துக்கொண்டது என் பிழை. பிறர் குரல் எனக்குக் கேட்டதும் என்னை ஏமாற்றியது. இந்த அலைவரிசைகளில் குரலும் வானத்து இரைச்சலும் சேர்ந்தே குறைவதால், கேபிள் நிறைய விழுங்கினாலும் கேட்பது அவ்வளவாகக் கெடுவதில்லை. பேசுவதுதான் கெடும்.

ஈரமே இல்லாத நல்ல கேபிளிலும் ஒரு கணக்கு உண்டு. ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய கேபிள் 30 மீட்டர், 14 மெகா ஹெர்ட்ஸ். ஏரியல் ஒத்துப்போனால் 100 வாட்டில் சுமார் 68 மேலே போகும். ஏரியல் முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். 10 என்றால் சுமார் 32 வாட்தான் போகும். மிச்சம் கேபிளில் சூடு. வேடிக்கை என்னவென்றால், அறையில் உள்ள மீட்டர் பத்தைக் காட்டாது, சுமார் மூன்றரையைத்தான் காட்டும். கேபிள் விழுங்கியதால் திரும்பிவரும் அலையும் இளைத்துப்போயிருக்கும். அறையில் ட்யூனர் வைத்து அந்த மூன்றரையை 1.1 ஆக்கினாலும், கேபிளுக்குள் நடக்கும் இழப்பு ஒரு வாட்கூடக் குறையாது.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் பாடம், ட்யூனர் வாங்குமுன் கேபிளைச் சோதியுங்கள். ஏரியலைக் கழற்றிவிட்டு, கேபிளின் மேல் முனையைத் திறந்தபடி விடுங்கள். கீழே நானோ வி.என்.ஏ. போன்ற சிறு அளவியை மாட்டிப் பாருங்கள். (கருவியிலிருந்து முழுச் சக்தியை இப்படித் திறந்த கேபிளில் ஏற்றக் கூடாது.) முனை திறந்திருப்பதால் எஸ்.டபிள்யூ.ஆர். மிக அதிகமாக வர வேண்டும். நான் சொன்ன அதே 30 மீட்டர் கேபிள் நல்ல நிலையில் இருந்தால் 7 மெகா ஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஏழு காட்டும். இரண்டு, மூன்று என்று 'நல்ல' எண் வந்தால் கேபிள் கெட்டது என்று பொருள். இந்த ஒரு சோதனையில் மட்டும் நல்ல எண் கெட்ட சேதி.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

ஒன்று: ட்யூனர் உங்களுக்குத் தேவையா? ஒரே அலைவரிசையில் பேசுபவர், கம்பியைச் சரியாக வெட்டிக் கட்டினால் போதும். ஐகாம் ஐ.சி.-7300 போன்ற சில கருவிகளுக்குள்ளேயே ட்யூனர் இருக்கிறது, அது எஸ்.டபிள்யூ.ஆர். மூன்றுவரை சமாளிக்கும். ஐ.சி.-718, யேசு எஃப்.டி.-891 போன்றவற்றில் உள்ளே இல்லை. உங்கள் கருவியில் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டு: எவ்வளவு தூரம் இழுத்துப்பிடிக்கும்? மூன்றுக்கு ஒன்றுவரை சமாளிக்கும் ட்யூனர், கேபிள் வழி ஊட்டும் வெட்டிய ஏரியலுக்குச் சரி. கண்டபடி நீளமுள்ள கம்பிக்குப் பத்துக்கு ஒன்றோ அதற்கு மேலோ சமாளிக்கும் வகை வேண்டும்.

மூன்று: எங்கே வைக்கப்போகிறீர்கள்? அறையில் வைப்பது வசதி. கம்பியின் காலடியில், மாடியில் வைப்பது திறமை. அங்கே வைத்தால் சண்டை முழுதும் ட்யூனருக்கும் கம்பிக்கும் நடுவிலேயே முடிந்துவிடும்; கேபிள் 50 ஓமில் நிம்மதியாக இருக்கும். ஆனால் மழை தாங்கும் பெட்டி வேண்டும், மின்சாரமும் மேலே போக வேண்டும். கேபிள் வழியாகவே 12 வோல்ட் ஏற்றும் வகையும், தனி ஒயர் கேட்கும் வகையும் உண்டு.

நான்கு: சக்தி. 100 வாட் என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பேச்சுக்கான உச்ச அளவு. பேச்சில் குரல் ஏறி இறங்கும். சுருளுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். எஃப்.டி.8 போன்ற எண்மிய முறைகளில் அனுப்பும் நேரம் முழுதும் சக்தி குறையாமல் நிற்கும். இதற்குத் தனி அளவு, முப்பதோ ஐம்பதோ, குறிப்பேட்டில் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஐந்து: உங்கள் கருவியோடு பேசுமா? சில ட்யூனர்கள் கருவியின் பின்பக்கத் துளையில் இணைந்து, ஒரே பொத்தானில் எல்லாம் முடித்துவிடும். ஆனால் ஒரு கம்பெனியின் இணைப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது. சில, வானொலி அலை வந்தாலே தாமாக விழித்து வேலை செய்யும்; அவை எதனோடும் சேரும். பேட்டரியில் ஓட்டுபவர்கள், ஒருமுறை மாறியபின் மின்சாரமில்லாமலே அந்த நிலையில் நிற்கும் ரிலே உள்ளதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பி எவ்வளவு நீளம்?

ட்யூனர் இருக்கிறதே என்று கையில் கிடைத்த நீளத்தைக் கட்டக் கூடாது. ஒரு முனையில் ஊட்டும் கம்பி, பேசும் அலைவரிசையின் அரை அலைக்கோ அதன் மடங்குக்கோ சமமாக இருந்தால், அந்த முனையில் மறிப்பு ஆயிரக்கணக்கில் ஏறிவிடும், ட்யூனர் திணறும். 7, 14, 21, 28 மெகா ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 5, 6.7, 10, 13.5, 15, 20 மீட்டர்களை ஒதுக்க வேண்டும். நான் 12.5 மீட்டர் வைத்திருக்கிறேன், நான்கிலும் ஒத்துப்போகிறது. ட்யூனரை அறைக்குள் வைப்பவர்கள் கம்பியின் காலடியில் ஒன்பதுக்கு ஒன்று மின்மாற்றி ஒன்றை வைத்தால், கேபிளின்மேல் உள்ள பாரம் ஓரளவு குறையும்.

கம்பி ஒரு கை என்றால் மறுகையும் வேண்டும். தரையில்லாத நாலாவது மாடியில் அந்த மறுகை, எதிர்க்கம்பி. பத்து மீட்டரில் ஒன்று, ஐந்து மீட்டரில் ஒன்று என்று இரண்டு ஒயர்களைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஓடவிட்டிருக்கிறேன். இதைக் கொடுக்காவிட்டால் கேபிளின் மேலுறையே மறுகையாகிவிடும். அலை அறைக்குள் வந்து மைக்கைத் தொட்டால் உதடு சுடும், பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் நம் குரல் கேட்கும். பிறகு செகரட்டரி அந்த ஒரு கம்பியையும் அவிழ்க்கச் சொல்வார். ட்யூனருக்குப் பக்கத்தில் கேபிளை ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிவிடுவதும் இதற்கு நல்ல காப்பு.

பயன்படுத்தும் ஒழுங்கு

முதலில் கேளுங்கள். அந்த இடத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் நம் ட்யூனர் எழுப்பும் அலை அவர்கள் காதில் ஊளையாக விழும். சற்று நேரம் கேட்டபின், "இந்த இடம் காலியா?" என்று கேட்டு, அழைப்புக் குறியைச் சொல்லுங்கள். பிறகு சக்தியைப் பத்து வாட் அளவுக்குக் குறைத்துக்கொண்டு ட்யூன் செய்யுங்கள். முழுச் சக்தியில் ரிலேயை மாற்றினால் முனையில் பொறி பறக்கும்; நாளடைவில் கருகிவிடும். எங்கள் கடையில் ஓடுகிற மோட்டாரோடு சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டிக் கெடுத்துக்கொண்டு வருவார்களே, அதே கதை. எண் 1.5-க்குக் கீழே நின்றால் போதும். 1.3-ஐ 1.1 ஆக்க இன்னும் பத்து முறை அழுத்துவதில் பயனில்லை. உங்களைக் கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. இடம் மாறி வெகுதூரம் நகர்ந்தால் மறுபடியும் ட்யூன் செய்யுங்கள். திடீரென்று பழைய இடத்திலேயே புது எண் வந்தால் ட்யூனரை அழுத்தாதீர்கள். மாடிக்குப் போய்க் கம்பியையும் முடிச்சையும் பாருங்கள். பழுது எங்கோ மேலே இருக்கிறது.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. மறிப்பு 3000 ஓம் உள்ள இடத்தில் 100 வாட் போனால் அங்கே சுமார் 550 வோல்ட் இருக்கும். நீளக் கம்பியின் கடைசி முனையிலும் எதிர்க்கம்பியின் முனையிலும் இப்படித்தான். தொட்டால் தோல் கருகும். குழந்தைகள் விளையாடும், பெண்கள் துணி உலர்த்தும் மாடி அது. கை எட்டாத உயரத்தில் கட்டுங்கள், எதிர்க்கம்பிக்குக் குழாய் உறை போடுங்கள். இடி இடிக்கும் காலத்தில் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிடுங்கள். கடற்காற்றில் இணைப்பான்கள் பூத்துப்போகும். மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை அவிழ்த்துத் துடைத்து, தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். மாடிப் பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, எறும்பும் பல்லியும் நுழையாமல் வலை ஒட்டுங்கள். ரிலே நடுவில் சிறு உயிர்கள் மாட்டிக்கொண்டு மடிவதும் தவிரும், பெட்டியும் பிழைக்கும்.

முடிவாக

ட்யூனர் நல்ல வேலையாள். ஒரே கம்பியை வைத்துக்கொண்டு நான்கு அலைவரிசைகளில் பேச அது இல்லாமல் எனக்கு ஆகாது. ஆனால் முதலாளியிடம் கணக்குக் காட்டும்போது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் வேலையாள் அது. 'கருவிக்கு இசைவாக இருக்கிறதா?' என்றால் ஆம், இல்லை என்று சொல்லும். 'என் குரல் போய்ச் சேர்கிறதா?' என்று அதனிடம் கேட்க முடியாது. அதை இன்னொரு ஊரில் உள்ள இன்னொரு மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.

அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வாரம் தவறாமல் ஒருநாள், கரண்டை நிறுத்திவிட்டு, பேட்டரியில் ஏழு மெகா ஹெர்ட்ஸில் கூப்பிட்டு, "நான் எப்படிக் கேட்கிறேன்?" என்று விசாரித்து, பதிலை நோட்டில் எழுதி வைக்கிறேன். எண் இறங்க ஆரம்பித்தால் மாடிக்கு ஏறுகிறேன். பேத்திக்கு அடுத்த ஆண்டு பன்னிரண்டு நிறைகிறது. தேர்வு எழுத வேண்டும் என்கிறாள். நோட்டு எழுதுவது இப்போது அவள் பொறுப்பு. என் தாயார் 2011-இல் காலமானார். அந்த இரவில் போய்ச் சேராத அந்த ஒரு வார்த்தையைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. மறுநாள் மாலை பெரியவன் வீடு சேர்ந்தபின் எஸ்.டி.டி. பூத்தில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று பேசினேன். "குரலைக் கேட்டுட்டேன், போதும்ப்பா" என்றார்.

உரிமம் வாங்கியிருக்கும் நம் பிள்ளைகளும், வாங்கப்போகும் பிள்ளைகளும், பெட்டி வாங்கப் போகுமுன் ஒருமுறை கடைப்பக்கம் வாருங்கள். கேபிளைக் கையோடு கொண்டு வந்தால் சோதித்தும் தருகிறேன்.